ஊரைப் பிடித்த பிரேக்

சத்தியம் வே, சத்தியம். நான் இப்போது சொல்லப்போவதில் ஓர் எழுத்துப் பொய் இருந்தாலும் என் நாக்கு இந்த நிமிஷமே சுருண்டு தொண்டை வழியாக வயிற்றில் விழட்டும், நாளை முதல் எனக்கு ஊற்றுகிற டீயில் சீனிக்குப் பதிலாகக் கிரஷர் தூசியை அள்ளிப் போடட்டும், நான் செத்தால் தூக்க நாலு பேர் வராமல் நானே எழுந்து நடந்து போகும்படி ஆகட்டும். நம்பாதவன் இப்போதே எழுந்து போகலாம். கோபத்தில் சொல்லுகிறேன் என்று நினைத்தால் ஆமாம், கோபத்தில்தான் சொல்லுகிறேன். நடந்ததைக் கேட்டால் உமக்கும் வரும்.

வெள்ளப்பொத்தை என்பது இப்போது பேருக்குத்தான் பொத்தை. அந்தக் குன்றில் பாதியை உடைத்து லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. மேலே கிரஷர், கீழே குளம், நடுவில் நாங்கள். கல்லும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள் இறங்குகிற ரோடு எங்கள் பஜாரைக் கிழித்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு, குளத்தங்கரைச் சமதளத்தில் போய்த்தான் மூச்சு விடும். ஓட்டுகிறவனுக்கு எத்தனை நடை என்பதுதான் கணக்கு, எத்தனை தலை என்பது கணக்கில்லை. தபால்காரர் சுடலையாண்டியின் இடது காலை ஒரு டிப்பர் கொண்டுபோயிற்று, மாடத்தியின் பூக்கடையை இன்னொரு டிப்பர் மாலையும் கையுமாகக் கொண்டுபோயிற்று, பள்ளிக்கூடத்துச் சுவரை எந்த டிப்பர் கொண்டுபோயிற்று என்று இன்றுவரை தெரியாது. மனு கொடுத்தோம். ரோடு எங்களுடையது அல்ல என்றார்கள் ஓர் ஆபீசில். ரோடு எங்களுடையதுதான், ஆனால் இறக்கம் எங்களுடையது அல்ல என்றார்கள் இன்னோர் ஆபீசில். நல்லவேளை, சுடலையாண்டியின் கால் அவனுடையது அல்ல என்று யாரும் சொல்லவில்லை.

இந்த ரோட்டில்தான் சண்முகவடிவு முட்டை விற்றாள். கோழிப்பண்ணை கிரஷருக்கும் மேலே, வாங்குகிற கடைகள் எல்லாம் கீழே. அண்ணன் வளைகுடாவுக்குப் போகும்போது விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளில், பின்சீட்டில் முட்டை அட்டைகளை அடுக்கி டியூப் வாரால் கட்டிக்கொண்டு, காலையும் சாயங்காலமும் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தையொட்டி இறங்குவாள். அவள் கொண்டுவந்த முட்டையில் கீறல் கண்டவர் கிடையாது. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்த வண்டி, வாங்கிய காலத்தில் அது பெரிய கௌரவம். பின் பிரேக்கும் இருந்தது, மிதித்தால் வண்டிக்குத் தெரியாது, மிதித்தவளுக்கு மட்டும் தெரியும்.

ஒரு காலையில் அவள் வளைவு திரும்புகிறாள், பின்னால் ஒரு டிப்பர் ஆரனை அலறவிட்டு விழுவதுபோல வருகிறது, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறார்கள், அவள் கைப்பிரேக்கை அழுத்துகிறாள், தேய்ந்துபோன பிரேக் பேடின் இரும்புத் தகடு தேய்ந்துபோன டிஸ்க்கில் உரசி, அரிவாளைச் சாணைக்கல்லில் வைத்தாற்போல ஒரு கிறீச்சு கிளம்புகிறது, அவ்வளவுதான், வண்டி நிற்கவில்லை, மற்ற எல்லாம் நின்றது.

எல்லாம் என்றால் எல்லாம் வே. டிப்பர் நின்றது. அது கிளப்பிய தூசி அந்தரத்தில் நின்றது. டீ மாஸ்டர் பூதத்தான் ஆற்றிய டீ இரண்டு குவளைக்கும் நடுவில் பழுப்பு நாடாவாக நின்றது. அம்மன் கோயில் மணி அடித்த அடியில் பாதி ஓசையோடு நின்றது. முடிவெட்டுக் கடையில் கத்தி ஒருத்தனின் மீசை ஓரத்திலும், மூக்கைச் சொறியப் போன என் விரல் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னாலும் நின்றது. கண்ணும் காதும் புத்தியும் மட்டும் ஓடின. அந்த நின்ற ஊருக்கு நடுவே வடிவு ஒருத்தி, முந்தானை பறக்க, முட்டை குலுங்க, இரண்டு காலையும் ரோட்டில் தேய்த்துக்கொண்டு, "நில்லுட்டி, நில்லுட்டி" என்று வண்டியைக் கெஞ்சிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். குளத்தங்கரையில் செருப்புத் தீய்ந்து வண்டி ஓய்ந்தபோது கையை எடுத்தாள். எல்லாம் பழையபடி ஓடிற்று, டிப்பர் தவிர. அது வேகம் எல்லாம் வடிந்து, என்ஜின் செத்து, தண்ணீர் காட்டிய எருமைபோலப் பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் நின்றிருந்தது. பிள்ளைகள் கடந்து போனார்கள்.

"பிரேக் பிடிச்சிட்டு போல" என்றான் பூதத்தான், டீயைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கே வடிவு பஜாரில் இருக்கிற மெக்கானிக் பீர்க்கண்ணுவிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணே, பிரேக் பிடிக்க மாட்டேங்கு."

"பிடிக்கே தங்கச்சி. நான் இங்கன ஸ்பானரும் கையுமா நின்னேன்லா, என்னையப் பிடிச்சுது."

"உம்மையப் பிடிச்சு நான் என்ன செய்ய? வண்டியப் பிடிக்கணும்லா?"

அவன் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க் முழுக்க உழுத வயல்போல வரிவரியாகப் பள்ளம், விரலை வைத்து இழுத்தால் நகம் சிக்குகிறது, ஓரம் மட்டும் தாம்பாள விளிம்பு மாதிரி எழும்பி நிற்கிறது. லேத்தில் கொடுத்து ஒரு சீவு சீவினால் சரியாகாதா என்று கேட்டாள்.

"சீவதுக்கு அதுல சதை இருக்கணும்லா. இது எலும்பு. இன்னும் கொஞ்சம் தேஞ்சா அப்பளம். வேகத்துல போகையில ஒடிஞ்சு சக்கரத்தைக் கவ்வுச்சுன்னா உன்னையத் தூக்கி எங்க போடும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். புதுசு மாத்தணும். பழைய மாடல், மதுரையில சொல்லி வைக்கேன். வர நாளாகும்."

அதுதான் வினை. அந்த நாளாகிற நாளுக்குள் ஊர் பழகிவிட்டது.

எப்படிப் பழகியது என்று கேளும். முடிவெட்டுகிறவன் கிறீச்சு கேட்பதற்கு முன்பே கத்தியை எடுத்துக் காற்றில் பிடித்தான். பூதத்தான் அந்த நேரத்துக்கு டீ ஆற்றுவதை விட்டுப் பட்டாணி வறுத்தான். புருஷன் பெண்டாட்டியை அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடி நின்று, நின்ற நேரத்தில் புத்தி ஓடி, இறங்கும்போது வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்துகொண்டது. பேச்சில் யோசித்துப் பதில் சொல்ல நேரம் வேண்டியவர்கள் எல்லாம் வடிவு வருகிற நேரம் பார்த்துப் பேச்சைத் தொடங்கினார்கள். ஒரு கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுக்கு மாப்பிள்ளை விரல் நின்றுவிட, நின்ற நேரம் முகூர்த்தத்தில் சேருமா சேராதா என்று இரண்டு வீட்டாரும் சாப்பாட்டுப் பந்தியில் அடித்துக்கொண்டார்கள். விசேஷம் இருப்பது டிஸ்க்கிலா, பேடிலா, வடிவின் கையிலா, அல்லது அந்த முட்டைகளிலா என்று டீக்கடையில் கட்சி பிரிந்தது. முட்டைக் கட்சிக்காரர்கள் சைவத்துக்கு மாறினார்கள். இது எப்படி நடக்கிறது என்று மட்டும் ஒருத்தனும் கேட்கவில்லை. கரண்ட் எப்படி வருகிறது என்று கேட்டோமா? போகும்போதுதான் கேட்போம்.

டிப்பர்கள் அடங்கின. வடிவு இறங்குகிற நேரத்தில் எந்தக் கொம்பனும் பள்ளிக்கூட வாசலில் என்ஜின் செத்து நிற்கத்தான் வேண்டும். நின்ற வண்டியைச் சுமையோடு மறுபடி கிளப்பி நகர்த்துவதற்குள் பிள்ளைகள் வீடு சேர்ந்துவிடுவார்கள். ஊரே பெருமூச்சு விட்டது.

வடிவுக்கு மட்டும் மூச்சு இல்லை. பாதம் இரண்டும் தோல் உரிந்து துணி சுற்றிக்கொண்டு வந்தாள். குளத்தங்கரையில் நிற்க முடியாமல் ஒருநாள் வேலிமுள்ளில் போய் விழுந்தாள். ஊர் இரக்கப்பட்டு அங்கே ஒரு வைக்கோல் படப்புப் போட்டுக்கொடுத்தது, அதில் போய் முட்டிக்கொள்ளட்டும் என்று! ஒருநாள் பயந்துபோய் வண்டியை இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டே இறங்கினாள். அன்றைக்குப் பார்த்து ஒரு டிப்பர் சத்துணவு ஆயாவின் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போயிற்று. ஊர் டிப்பர்காரனைப் பிடிக்கவில்லை, வடிவைப் பிடித்துக்கொண்டது. "ஏட்டி, உனக்கு மனசாட்சி இருக்கா? பச்சைப் பிள்ளைக வார ரோட்டுல இப்பிடியா தள்ளிக்கிட்டு வருவ?" என்று முத்தாச்சியோடு சேர்ந்து கேட்டவர்களில் பிள்ளையே இல்லாதவர்களும் இருந்தார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் கோமதிநாயகம் டீக்கடை முன்னால் நாற்காலி போட்டுக் கூட்டம் வைத்தார். வடிவின் படம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டினார்கள், "ஊரை நிறுத்திய உத்தமியே" என்று. பொன்னாடை போர்த்தினார்கள், அது சக்கரத்தில் சிக்கும் என்று அவள் கழற்றி மடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, ஊரே நிக்கி. நான் ஒருத்திதான் நிக்க முடியல. டிஸ்க்கை மாத்திட்டா நான் பிழைச்சுக்கிடுவேன்" என்றாள்.

தலைவர் சிரித்தார். "என்ன தாயி இப்பிடிச் சொல்லிட்ட? அந்தப் பிரேக் ஊருக்கு எவ்வளவு பிடிச்சிருக்கு தெரியுமா?"

"ஊருக்குப் பிடிச்சிருக்கு சித்தப்பா. எனக்குப் பிடிக்கல."

ஏதோ நல்ல தமாஷ் கேட்டதுபோல எல்லோரும் கை தட்டினார்கள் வே. அவள் வயிறு எரிந்து சொன்னதற்குக் கை தட்டினார்கள்.

பிறகு தலைவர் யோசனை சொன்னார். மெல்ல இறங்கினால் டிஸ்க் வெகுநேரம் உரசும், தேய்மானம் கூடும். வேகமாக இறங்கினால் கொஞ்ச நேரம்தான் உரசும், டிஸ்க் நாள்பட உழைக்கும். ஆகையால் வடிவு இனிமேல் வேகமாக இறங்க வேண்டும். இதைத் தீர்மானமாகவே போட்டார்கள். வண்டியின் மேல் இருந்த அக்கறையைப் பாரும்! மேலே உட்கார்ந்திருந்தவளுக்கு உதிரிபாகம் மதுரையில் கிடைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் கிரஷர் மேனேஜர் வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக அவள் வீட்டுக்கு வந்தான். கையில் வெல்வெட் பெட்டி, பெட்டிக்குள் புத்தம்புது டிஸ்க். "முதலாளி குடுத்துவிட்டாரு அக்கா. நீங்க நல்லா இருக்கணும்னு நினைக்காரு. இன்னைக்கே மாத்திருங்க" என்றான். யோசித்துப் பாரும், ஊரிலேயே அவள் சாகக்கூடாது என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான், அதுவும் டிப்பர் ஓடவேண்டும் என்பதற்காக.

வடிவு பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "இதைக் கொண்டுபோய் முதல்ல உங்க லாரிக்கு மாட்டுடே" என்றாள்.

இந்தப் பேச்சு பஜாருக்கு வந்ததும் ஊர் துள்ளிக் குதித்தது, வெடி போட்டது. ஆனால் அவள் பீர்க்கண்ணுவிடம் போய் "நான் சொல்லிவச்ச டிஸ்க் வந்துட்டா அண்ணே?" என்று கேட்கும்போதெல்லாம் அவன் காற்றடிக்கிற பம்பைப் பார்த்துக்கொண்டே "வரல தங்கச்சி" என்றான். மழையால் வரவில்லை, பண்டிகையால் வரவில்லை, மதுரையில் ஸ்டிரைக், மதுரையில் ஸ்டிரைக் முடிந்த களைப்பு. அவனும் பஜாரில் கடை வைத்துப் பிழைக்கிறவன், அவனுடைய பிள்ளைகளும் அதே வாசலைத்தான் கடந்தன.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னாலேயே டீக்கடைக்கு முட்டை இறக்கிவைக்க வந்தவள், பஜ்ஜிச் சட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்கிற இடத்தில், அடியில் மணையாக, வட்டமாக, பளபளவென்று, சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகளோடு ஒன்று கிடந்தது. மதுரையிலிருந்து வந்த டிஸ்க். வந்து வெகுநாளாகியிருந்தது. பீர்க்கண்ணு அதைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறான், தலைவர் பத்திரமாக வை என்று பூதத்தானிடம் கொடுத்திருக்கிறார், பூதத்தானுக்குத் தெரிந்த பத்திரம் அவ்வளவுதான்.

"அது என்னது மாஸ்டர்?" என்றாள்.

"அது... மணை."

"துளை போட்ட மணையா?"

"எண்ணெய் வடியும்லா" என்றான் பூதத்தான், பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டே. பெஞ்சில் இருந்த யாரும் நிமிரவில்லை. அவள் முட்டையைக்கூட இறக்கவில்லை. வண்டியைத் திருப்பி மேலே ஏறினாள்.

பள்ளிக்கூடம் விட மணி அடித்தது, டிப்பர்கள் இறங்கத் தொடங்கின, கிறீச்சு கேட்டது, ஊர் நின்றது. ஆனால் அன்றைக்கு அந்தக் கிறீச்சு மின்னலாக வந்து போகவில்லை, நீண்டது, நீண்டுகொண்டே இருந்தது. வடிவு முதல் கியரில் வந்தாள். தீர்மானத்தை மீறி, மாடு மேய்த்துத் திரும்புகிறவள்போல, பிரேக்கை அழுத்திய கையை எடுக்காமல், மெல்ல, ஒவ்வொரு வாசலாக வந்தாள். வந்தவள் பேசினாள். எதிர்ப்பேச்சு பேச முடியாமல், முகத்தைத் திருப்ப முடியாமல், காதைப் பொத்த முடியாமல் ஊர் முதல்முறையாக அவள் பேசியதைக் கேட்டது.

"யாத்தீ, இப்பத்தானே எல்லாரும் என்னையப் பாக்கிய! பீர்க்கண்ணு அண்ணே, அப்பளம்னு சொன்ன வாயால வரலன்னு சொன்னீரே, நான் உம்ம கூடப்பிறந்த தங்கச்சியா இருந்தா அப்பிடிச் சொல்லியிருப்பீரா? மாஸ்டரே, என் உசிரு மேல சட்டிய வச்சு பஜ்ஜி சுட்டீரே, ருசியா இருந்துச்சா? ஏ முத்தாச்சி மயினி, எனக்கு மனசாட்சி இருக்கான்னு கேட்டியே, என் காலைப் பாரு, தெரியுதா, தோலுக்கு உள்ள இருக்கு பாரு, அதுதான். சித்தப்பா, வேகமாப் போவணும்னு தீர்மானம் போட்டீரே, உம்ம மகன் வண்டியா இருந்தா போட்டிருப்பீரா? இங்க எல்லாருக்கும் கால் இருக்கு. சுடலையாண்டி அண்ணாச்சிக்கே ஒண்ணு இருக்கு. அத்தன காலும் ரோட்டோரத்துல நிக்கும், என் கால் மட்டும் ரோட்டுல தேயணும், அப்பிடித்தானே? பிள்ளைக உங்க பிள்ளைக. ரோடு உங்க ரோடு. பிரேக் மட்டும் நானா?"

என் பெஞ்சைத் தாண்டும்போது என்னையும் பார்த்து, "நீரு இதையும் கதையாச் சொல்லுவீரு" என்றாள். அது அநியாயம், அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது முன்சக்கரத்தில் தட்டு உடைந்த மாதிரி ஒரு சத்தம். டிஸ்க் ஒடிந்து சக்கரத்தைக் கவ்விற்று. வேகத்தில் வந்திருந்தால் அவளைக் குளத்தில்தான் பொறுக்கியிருப்போம். முதல் கியரில் வந்ததால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, அப்படியே நின்றது. அவளும் நின்றாள். வெகுகாலம் கழித்து, துணி சுற்றிய காலைத் தரையில் ஊன்றி, தேய்க்காமல், சும்மா நின்றாள். நின்ற இடத்தைக் குனிந்து ஒருதரம் பார்த்தாள். ஒரு முட்டையில்கூடக் கீறல் இல்லை.

ஊருக்கு அசைவு வந்தது, ஆனால் நாங்கள் வெகுநேரம் அசையவில்லை. பிறகு பூதத்தான் கொதிக்கிற சட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, துண்டால் டிஸ்க்கைப் பிடித்து எடுத்து, எண்ணெய் போகத் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்தான். பீர்க்கண்ணு நடுரோட்டிலேயே குத்துக்கால் வைத்து மாட்டினான். புது பேடு போட்டான். தலையைத் தூக்காமலே "அழுத்திப் பாரு தங்கச்சி" என்றான். அழுத்தினாள். தெருவில் ஒரு கோழி ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி மட்டும் பிடித்தது.

மறுநாள் காலை மணி அடித்தது, பிள்ளைகள் வந்தார்கள், மேலே வளைவில் ஆரன் அலறியது. வடிவு இறங்கி வந்தாள், பள்ளிக்கூட வாசலில் பிரேக்கை அழுத்தினாள், நின்றாள், ரோட்டுக்குக் குறுக்கே வண்டியைத் திருப்பி ஸ்டாண்டு போட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. முதலில் பீர்க்கண்ணு போய் அவள் பக்கத்தில் நின்றான், ஸ்பானரும் கையுமாக. பூதத்தான் வடிகட்டியோடு போனான், முத்தாச்சி துடைப்பத்தோடு போனாள், முடிவெட்டுக் கடையில் ஒருத்தன் பாதி மீசையோடு எழுந்து போனான். சுடலையாண்டி கட்டையை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே கடைசியில் போனார், போனவர் நடுவில் நின்றுகொண்டார். டிப்பர் விழுந்துகொண்டு வந்தது. அசையாமல் நிற்பதில் எங்கள் ஊருக்கு அப்போது நல்ல பயிற்சி இருந்தது வே. ஒருத்தர் இமைகூட ஆடவில்லை. டிப்பருக்கும் பிரேக் இருந்தது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ரோட்டில் கரிக்கோடு போட்டுக்கொண்டு, சுடலையாண்டியின் சட்டைப் பித்தானைத் தொடுகிற தூரத்தில் அது பிடித்தது.

அப்புறம் அந்த டிப்பர் முதுகைத் தூக்கி ஜல்லியைக் கொட்டிற்று. யார் லீவரை இழுத்தது என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வீடு சட்டியும் மண்வெட்டியும் வந்தன, சிமெண்டு வந்தது, இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ரோட்டின் குறுக்கே இரண்டு மேடு படுத்துக்கொண்டன. இப்போது டிப்பர்கள் அதில் கர்ப்பிணி மாதிரி ஏறி இறங்குகின்றன.

இனிமேல்தான் என் வயிறு எரிகிறது, கேளும். சுடலையாண்டியின் கால் போனபோது ஓர் ஆபீசிலிருந்தும் ஆள் வரவில்லை. ஓர் ஊரே உறைந்து நின்றபோது, டீ அந்தரத்தில் தொங்கியபோது, ஒரு ஜீப்பும் வரவில்லை. இரண்டு மேடு எழுந்ததும் ஜீப்புக்குப் பின்னால் ஜீப்பாக வந்துவிட்டார்கள்! ரோடு எங்களுடையது அல்ல என்றவர்களும், இறக்கம் எங்களுடையது அல்ல என்றவர்களும் சேர்ந்து வந்து, எங்கள் ரோட்டில், எங்கள் இறக்கத்தில், அனுமதியில்லாமல் வேகத்தடை போட்டவன் எவன் என்று டேப் வைத்து அளக்கிறார்கள். ராத்திரியில் தானாக முளைத்தது என்று ஊர் முழுக்க ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. அவர்கள் நம்பவில்லை. யாரோ ஒருவன் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் வழிப்போக்கர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, இப்போது அவனைத் தேடுகிறார்கள்.

ஆகையால் வே, டீயைக் குடித்துவிட்டு எழும்பும். கதையை எங்கே வேண்டுமானாலும் சொல்லும், வடிவின் பேரைச் சத்தமாகவே சொல்லும், அவள் பயப்படுகிறவள் இல்லை. சொன்னது யார் என்று எவனாவது கேட்டால் மட்டும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் சொன்னான், முகத்தைப் பார்க்கவில்லை, தென்காசியில் இறங்கிவிட்டான் என்று சொல்லிவிடும். என்னை நீர் பார்க்கவே இல்லை, இந்தப் பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது.